பாதையில் வைத்த கச்சை

என் அண்ணன் கிசாங்கை வாய்க்கால் மடையில் வைத்துச் சுட்டார்கள். அன்று தண்ணீர் எங்கள் வயல் முறை. மடையைத் திறக்கக் குனிந்தவன் முதுகில் இரண்டு குண்டு. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள், அவன் திறந்துவிட்ட தண்ணீர் அவன் ரத்தத்தையும் சேர்த்துக்கொண்டு சோளத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நான் சேற்றை அள்ளி அள்ளி மடையை அடைத்தேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சுட்டவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து போகோட் ஆட்கள். நாங்கள் மராக்வெட். கெரியோ ஆற்றுக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாங்கள், கிழக்கே முள்ளுக்காட்டில் அவர்கள். அவர்கள் பேச்சு எங்களுக்குப் புரியும், எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியும். அதனால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதற்கு இதுவரை எந்தச் சிரமமும் இருந்ததில்லை. அவர்கள் எங்கள் ஆடுகளை ஓட்டிப் போவார்கள், நாங்கள் அவர்கள் மாடுகளை ஓட்டி வருவோம், நடுவில் யாராவது செத்துப்போவார்கள். இந்த முறை செத்தது என் அண்ணன்.

அண்ணன் உடலைக் கழுவியவள் அண்ணி கோபிலோ. குண்டு வெளியே வந்த இடத்தில் துணியைச் சுருட்டி அடைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிவிட்டாள். அடக்கத்தில் பாஸ்டர் சுதேர் ஜெபித்து முடித்ததும் யாரும் கேட்காமலே அவள் ஒரு ஜெபம் பண்ணினாள்.

"ஆண்டவரே, இவரைச் சுட்டவன் வீட்டுலயும் ஒரு தாய் இருப்பா. அவளையும் பாத்துக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் பக்கத்திலிருந்து எழுந்து போய், மாமரத்தடியில் ஆண்களோடு நின்றுகொண்டேன். எல்லோரும் போன பிறகு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணி, உனக்கென்ன கிறுக்கா? குழி மண்ணுகூடக் காயல."

"சபையில சொல்லிக் குடுத்ததைத்தானே சொன்னேன், டபர்னோ."

"சபையில ஆயிரம் சொல்லுவாங்க. எல்லாத்தையும் செய்யவா சொல்றாங்க?"

"பின்னே எதுக்குச் சொல்றாங்க?"

இதுதான் அவளிடம் உள்ள தொல்லை. ஞானஸ்நானம் நானும்தான் வாங்கினேன். அதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பு மேல் வைக்க முடியுமா? அவள் வைப்பாள். அவளோடு ஒரே வளவில் குடியிருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். என் புருஷன் நகுரு பட்டணத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்ட நாளிலிருந்து நான் அங்கேதான் இருந்தேன்.

அவளுக்கு ஒரே மகன், யானோ. அண்ணன் நிறம், அண்ணன் தோள், நாக்கு மட்டும் என்னுடையது. அப்பா செத்த பிறகு அவன் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்தான். கூட்டாளிகளோடு அத்திமரத்தடியில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டான். நான் அவனுக்குச் சோளமாவு கிண்டிய உகாளியும் புளித்த பாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீக்கிரம் போய் அவனுங்களைக் கொன்றுவிட்டு வாடா என்று வாய் திறந்தே சொன்னேன். யாருக்கும் பயந்து நான் பேசியதில்லை.

ஆனால் அவர்கள் வழியில் ஒன்று நின்றது. அம்மாக்களின் இடுப்பில் இருந்த கச்சை.

முதல் பிள்ளை பெற்றதும் எங்கள் பெண்கள் கட்டிக்கொள்வது அது. சோழி தைத்த தோல், லெகெட்யோ என்போம். மகன் சண்டைக்குப் போனால் தாய் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள், அவன் உயிரோடு திரும்புவான். போகக் கூடாது என்று அவள் நினைத்தால் அவிழ்த்துப் பாதைக்குக் குறுக்கே வைப்பாள். அதைத் தாண்டியவன் வீடு திரும்ப மாட்டான். ஆற்றுக்கு இரண்டு கரையிலும் இதே சட்டம்தான். பத்துப் பேரைக் கொன்றவன்கூட அதன் முன்னால் நின்று, துப்பிவிட்டு, திரும்பிப் போவான். கோபிலோ அதைக் குறுக்கே வைப்பாள் என்று ஊருக்கே தெரியும். யானோவுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யானோவும் அவன் கூட்டாளிகளும் சபைக்கு வந்தார்கள். தலைவாரி, முழுக்கைச் சட்டை போட்டு, முதல் பெஞ்சில். இரட்சிப்பு வேண்டுமா என்று பாஸ்டர் கேட்டபோது அத்தனை கையும் மேலே போனது. பாஸ்டர் சுதேர் நல்ல மனுஷன். மலை மேலிருந்து வந்தவர், இந்தப் பள்ளத்தாக்கில் இவ்வளவு இளைஞர்கள் கை தூக்கி அவர் பார்த்ததே இல்லை. அழுதுவிட்டார். அப்போது யானோ எழுந்தான்.

"பாஸ்டர், ஒரு சந்தேகம். எங்க அம்மாக்கள் எல்லாம் இயேசுவைக் கும்பிட்டுட்டு இடுப்புல பழைய கச்சையையும் கட்டிக்கிறாங்களே, இது சரியா? நம்பிக்கை யார் மேல, ஆண்டவர் மேலயா, அந்தச் சோழி மேலயா?"

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கேள்வியை ஆண்டவரே கேட்கிறார் என்றார். எழுந்தது கோபிலோதான். மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தாள். காணாமல் போன ஆடு தானாக வீடு வந்து சேர்ந்த மாதிரி அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சபை வாசலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அவள் முதலில் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். நானும் போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. தோல் சுருண்டது, சோழிகள் ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடித்தன. யானோ எல்லோரையும் விட சத்தமாக அல்லேலூயா சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் துப்பாக்கிகளோடு அத்திமரத்தடியில் கூடினார்கள்.

அம்மாக்கள் ஓடி வந்தார்கள். வழக்கம்போல எல்லோருடைய கையும் இடுப்புக்குப் போனது. இடுப்பில் ஒன்றுமில்லை. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. யானோ சிரித்தான்.

"என்னம்மா தேடுற? அதான் ஆண்டவருக்குக் குடுத்துட்டியே."

நானும் அப்போது சிரித்தேன். என்ன மூளை இவனுக்கு என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். கோபிலோ சிரிக்கவில்லை. நேரே போய்ப் பாதை நடுவில் நின்றாள்.

"ஆண்டவரைக் கேலி பண்ணாதடா. என்னைப் பண்ணு."

"வழியை விடும்மா. அப்பாவைக் கொன்னவன் அங்க பால் குடிச்சுக்கிட்டு இருக்கான்."

"ஆம்பளைங்க எல்லாம் மாட்டோட மேட்டுக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்துத்தானே போறீங்க? அங்க இருக்கிறது பொம்பளைங்களும் குழந்தைங்களும். அவங்களையா கொல்லப்போற?"

"நம்ம வீட்டுல அழுத மாதிரி அங்கயும் ஒரு வீட்டுல அழட்டும்."

அவள் துப்பாக்கிக் குழலைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான். அது வேண்டுமென்று பட்டதா, கைதவறிப் பட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. துப்பாக்கியின் கட்டை அவள் தாடையில் விழுந்தது. ஒரு பல் தெறித்து மண்ணில் கிடந்தது. அவள் பாதையிலேயே சாய்ந்தாள். ஒருத்தன் பின் ஒருத்தனாக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியாகத் தாண்டியவன் யானோ. அவன் மட்டும் கீழே பார்க்கவில்லை.

விடியற்காலையில் ஆற்றைக் கடப்பதுதான் அவர்கள் கணக்கு. அதுவரை கரைப் புதரில் பதுங்கியிருப்பார்கள். பாஸ்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சகோதரி, என்னை ஏமாத்திட்டாங்க. உபவாச ஜெபம் வைப்போம்" என்றார்.

கோபிலோ வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "நீங்க ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். நான் நடக்கிறேன்."

எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பசங்கள் பதுங்கிய இடத்துக்கு மேலே, ஆற்றைக் கடக்கிற மேல்துறைப் பக்கம் அவள் திரும்பியிருந்தாள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"அவங்ககிட்டச் சொல்லப் போறியா? சொன்னா அவங்க காத்துக்கிட்டிருந்து உன் பிள்ளையைச் சுடுவாங்க. புருஷன் போனது பத்தாதா?"

"யானோ சுடுற இடத்துல நான் இருந்தா அவன் சுட மாட்டான்."

"இப்பதான் உன் பல்லை உடைச்சான்!"

"அது பல்லு. இது நான்."

வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனேன். திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. மலை உச்சி அன்று கறுத்துக் கிடந்தது. மேலே எங்கோ மழை. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது.

அந்தக் கரையில் முதல் வளவு செசினெனுடையது. சண்டை மூளுவதற்கு முன்பு அவள் எங்கள் சபைக்கு வருவாள், பாட்டுக்காக மட்டும். ஞானஸ்நானம் எடுக்கிறாயா என்றால், உங்கள் ஆண்டவர் என் மாட்டை மேய்ப்பாரா என்று கேட்பாள். சந்தையில் கோபிலோவுக்கு மாம்பழத்துக்குப் பதில் பால் கொடுப்பாள், இருவரும் ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது எங்களைப் பார்த்ததும் அவள் வளவுப் பிள்ளைகள் கல்லை எடுத்தார்கள். ஒன்று என் நெற்றியைப் பிளந்தது. செசினென் முள்வேலி வாசலில் வந்து நின்றாள், இடுப்பில் கச்சை, கையில் மாட்டுத் தோல் உரிக்கும் கத்தி.

"எதுக்குடி வந்தீங்க? மாம்பழம் விக்கவா?"

கோபிலோ தரையில் உட்கார்ந்தாள். வீங்கிய தாடையோடு மெல்ல மெல்லப் பேசினாள்.

"விடியக்காலைல எங்க பசங்க வர்றாங்க. முன்னால வர்றது என் மகன். உன் ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பினா என் மகன் சாவான். சொல்லாம இருந்தா நீயும் உன் பிள்ளைங்களும் சாவீங்க. எனக்கு வேற வழி தெரியல செசினென். உன் கைல குடுத்துட்டேன். நான் இங்கயே இருக்கிறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லியேவிட்டாள்! எதிரியின் வாசலில் உட்கார்ந்து தன் மகன் உயிரை எடுத்து எதிரி மடியிலேயே போட்டுவிட்டாள். நம்பிக்கை என்று சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அது இவ்வளவு கேவலமாகவும் இவ்வளவு பயங்கரமாகவும் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

செசினென் கோபிலோவின் வீங்கிய தாடையைப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன் புருஷனைச் சுட்டது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"என் மூத்தவன். லோகாபெல். அன்னிக்கு அவன் போனப்ப இந்தக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கிட்டு நான் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன். அவன் பத்திரமா வந்தான். உன் புருஷன் செத்தான்."

அடுத்து நான் செய்தது எனக்கே தெரிந்து செய்ததல்ல. கீழே கிடந்த கத்தி என் கையில் இருந்தது, நான் அவள் மேல் இருந்தேன். ஒரு வெட்டு அவள் தோளில் இறங்கியது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. இரண்டாவது வெட்டு இறங்கவில்லை. கோபிலோ கத்தியின் அலகையே உள்ளங்கையால் பிடித்திருந்தாள்.

"விடு அண்ணி! அவன் என் அண்ணன்!"

"எனக்குப் புருஷன். போடு கீழ."

அவள் விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்து என் மணிக்கட்டில் ஓடியது. நான் கத்தியை இழுத்தால் அவள் விரல்கள் போய்விடும். அதனால் விட்டேன். மன்னித்ததனால் விடவில்லை. செசினென் எழுந்து, தோளில் சாம்பலை அப்பி, துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். மிச்சத் துணியைக் கோபிலோவின் கைக்குக் கட்டினாள். கட்டும்போது, "உன் நாத்தனாருக்குக் கை வேகம்" என்றாள். மூவரும் அதற்குப் பிறகு ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம், ஏனென்றால் வேறு அடுப்பு இல்லை.

அவள் மேட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அனுப்புவாள் அனுப்புவாள் என்று நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளையும் கிழடுகளையும் மட்டும் பாறை இடுக்குக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். வரும்போது கோபிலோவுக்கு ஒரு சுரைக்குடுவையில் பால் கொண்டுவந்தாள்.

கிழக்கே வெளுக்கும்போது நாய் குரைத்தது. கோபிலோ எழுந்து முள்வாசலின் இடைவெளியில் போய் நின்றாள். செசினென் அவள் பின்னால், நான் வேலியோரம். அடுத்த நொடியே சுட ஆரம்பித்தார்கள். யார் நிற்கிறார்கள் என்று பார்த்துச் சுடுகிற வழக்கம் எந்தக் கரையிலும் கிடையாது. முதலில் வாசலைச் சல்லடையாக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இது எனக்குத் தெரியும். கோபிலோவுக்கும் தெரிந்திருக்கும்.

"யானோ! டேய் யானோ, அம்மாடா!"

இரண்டு முறை கத்தினாள். மூன்றாவது முறை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சுழன்று, பின்னால் நின்ற செசினென் மேல் குப்புற விழுந்தாள். இருவரும் சேர்ந்தே தரையில் விழுந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கன்றுக்குட்டி கழுத்தில் குண்டு பட்டுக் கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. குடிசைக் கூரையில் தீப்பிடித்தது. புகைக்குள் நுழைந்து முதலில் வந்தவன் யானோ. தரையில் கிடந்தவளைக் காலால் புரட்டினான். அவள் முகம் மேலே வந்தது.

அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கியைத் தன் தாடைக்குக் கீழேயே வைத்துக்கொண்டான். கூட்டாளிகள் இருவர் அவன் கையை முறுக்கி, தரதரவென்று ஆற்றுப் பக்கம் இழுத்துப் போனார்கள். மேட்டில் சத்தம் கேட்டிருக்கும், ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கோபிலோவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, துடிப்பு இல்லை. செசினெனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு வரவேண்டியதை எல்லாம் என் அண்ணி வாங்கிக்கொண்டாள்.

மேட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், லோகாபெல் முன்னால். எரிகிற வீட்டையும் ரத்தத்தில் கிடந்த அம்மாவையும் பார்த்தான். அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று கண்டதும், காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பாதையில் ஓடினான். ஆற்றில் எங்கள் பசங்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மலையில் பெய்த மழை வந்து சேர்ந்துவிட்டது. கணுக்கால் தண்ணீர் கழுத்துக்கு மேல் ஓடியது, வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு.

செசினென் என் அண்ணியின் தலையைத் தன் மடியிலிருந்து இறக்கி மண்ணில் வைத்தாள். பிறகு ஓடினாள். தோள் வெட்டிலிருந்து ரத்தம் ஒழுக, பாதையை விட்டுப் பாறை மேல் குறுக்கே விழுந்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பாதை ஆற்றில் இறங்கும் இடம் இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து. ஆண்களுக்கு ஒரு மூச்சு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். கச்சையை அவிழ்த்தாள். சந்துக்குக் குறுக்கே வைத்தாள்.

லோகாபெல் அதன் முன்னால் சறுக்கி நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் மேல் மோதினார்கள். கீழே, தண்ணீர் ஓரத்தில், துப்பாக்கியில் குண்டு தீர்ந்த எங்கள் பசங்கள் நின்றார்கள். ஒருத்தன் பயத்தில் வெள்ளத்தில் குதித்தான். பாறை மேலிருந்து எவனோ சுட்டான். குதித்தவன் தலை ஒரு முறை மேலே வந்தது, அப்புறம் இல்லை.

"அம்மா, எடு அதை!"

"தாண்டிப் போடா. உன்னால முடிஞ்சா தாண்டிப் போ."

"உன்னைக் கொல்ல வந்தவனுங்க அவனுங்க!"

"என்னைக் கொல்ல வந்ததை வாங்கிக்கிட்டு ஒருத்தி என் வாசல்ல கிடக்கிறா. நீ கொன்னியே, அவன் பொண்டாட்டி. அவ கச்சையை அவ பிள்ளையே எரிக்க வெச்சுட்டான். இன்னிக்கு இது அவளோடது. உனக்காக ஒரு நாள் இதைக் கட்டினேன். இப்ப அவனுக்காக வெச்சிருக்கேன்."

லோகாபெல் அழுதான். கோபத்தில் அழுகிற ஆண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். துப்பாக்கியைப் பாறையில் ஓங்கி அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான், கட்டை பிளந்து போகும்வரை. ஆனால் கால் ஒரு விரற்கடை முன்னால் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் கெட்ட வார்த்தையாகக் கொட்டினார்கள். அவர்கள் கால்களும் போகவில்லை.

வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து யானோ மேலே ஏறி வந்தான். அம்மாவை எடுத்துப் போக வேண்டுமல்லவா. கச்சையின் மறுபக்கம் வந்ததும் அவன் கால்களும் நின்றுவிட்டன. நம்பிக்கை ஆண்டவர் மேலா, சோழி மேலா என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டவன் அவன்.

"அம்மா... அதை எடுங்க. நான் அவளைத் தூக்கிட்டுப் போகணும்."

அவன் அம்மா என்று கூப்பிட்டது செசினெனை.

"கைல இருக்கிறதை ஆத்துல போடு."

போட்டான். செசினென் குனிந்து கச்சையை எடுத்தாள். அத்தனை துப்பாக்கிகளுக்கும் நடுவே அவன் வெறுங்கையோடு நடந்து வந்தான். ஒருவன் அவன் முகத்தில் காறித் துப்பினான். துடைக்காமல் நடந்தான்.

வெள்ளம் வடிந்ததும் மற்றப் பசங்கள் ஆற்றைக் கடந்து ஓடிப் போனார்கள். நாங்கள் கோபிலோவை ஒரு மாட்டுத் தோலில் கிடத்தினோம். செசினென் தன் கச்சையை அவள் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டாள். தோலின் ஒரு மூலையை யானோ பிடித்தான், இன்னொன்றை நான், மூன்றாவதைச் செசினென், வெட்டுப்படாத கையால். நான்காவது மூலை தரையில் தொங்கியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. லோகாபெல் வந்து அதைத் தூக்கினான்.

அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றும் மன்னித்தேன் என்று சொன்னால் பொய். ஆற்றின் நடுவில் அவன் கால் வழுக்கியபோது விழுந்து சாகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவன் விழுந்தால் அண்ணியும் தண்ணீரில் விழுவாள். என் மற்றொரு கையால் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

எங்கள் கரையில் ஊரே திரண்டு நின்றது. லோகாபெலைப் பார்த்ததும் அரிவாள்கள் எழுந்தன. யானோ தோலின் மூலையை விடாமல், "இவரு எங்கம்மாவைத் தூக்கிட்டு வர்றாரு" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. அரிவாள்கள் இறங்கவில்லை, வெட்டவும் இல்லை. அப்படியே அவர்களுக்கு நடுவில் நடந்தோம். அண்ணன் பக்கத்தில் குழி வெட்டினார்கள். பாஸ்டர் சுதேர் அவள் இடுப்பைப் பார்த்தார். அவர் கை கொஞ்சம் முன்னால் நீண்டது. "பாஸ்டர், தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன். அந்த மனுஷன் கையை இழுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்து, சத்தம் போட்டு அழுதார். அன்றைக்கு அவர் பிரசங்கம் பண்ணவில்லை. அவர் பண்ணியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

செசினென் வெறும் இடுப்போடு ஆற்றைக் கடந்து போனாள்.

யானோ அதன் பிறகு துப்பாக்கி தொடவில்லை. மாம்பழ லாரியில் சுமை ஏற்றுகிறான். ஊர்ப் பையன்கள் அவனைப் பொம்பளை என்கிறார்கள். ஆற்றில் செத்தவனின் வீட்டார் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் மற்றவர்கள் பழையபடி அத்திமரத்தடியில் உட்கார்ந்து எண்ணெய் போடுகிறார்கள். கோபிலோ செத்ததால் பள்ளத்தாக்கு திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த கோடையில் ஒரு சாயங்காலம், என் மகள் என்னிடம் விட்டுப் போயிருந்த பிள்ளைகளுக்கு உகாளி கிண்டிக்கொண்டிருந்தேன். யானோ லாரியோடு எல்டோரெட் போயிருந்தான். வாசலில் நிழல் தெரிந்தது. செசினென், தலையில் ஒரு பால் குடுவை, இடுப்பு வெறுமையாக. புதுக் கச்சை அவள் கட்டவே இல்லை. உட்கார் என்று நான் சொல்லவில்லை, அவளாகவே வாசல் இடைவெளியில் உட்கார்ந்தாள். கோபிலோ அவள் வாசலில் உட்கார்ந்த அதே மாதிரி.

எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"யாரு? லோகாபெலா?"

"அவன் இல்ல. சின்னவன். அண்ணன் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான்."

"விடியக்காலைலயா?"

"விடியக்காலைலதான்."

அத்திமரத்தடியில் எங்கள் பையன்கள் பேசிக்கொள்வது என் அடுப்படி வரை கேட்டது. நான் ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆற்றங்கரையில் பதுங்கியிருந்து அவள் சின்ன மகனைக் கன்றுக்குட்டி மாதிரி சாய்த்துவிடுவார்கள். என் அண்ணனுக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். செசினென் அதைத் தெரிந்துகொண்டேதான் வந்திருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. தோளில் நான் போட்ட தழும்பைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாழாய்ப் போன அண்ணி! செத்துப்போயும் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, உகாளி அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது.

"பால் புளிச்சதா?" என்று கேட்டேன்.

"நல்லாப் புளிச்சது."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மலைப் பாறையில் விட்டுவிட்டு வந்தேன். அத்திமரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் திரும்ப வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தீய்ந்த உகாளியில் நல்ல பாகத்தை அவளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசல் இடைவெளியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.